இணைய நேரலை: பார்வையாளரின் கவனம் பணமான வரலாறு

இணைய நேரலை என்பது ஒருவர் தன் கேமராவில் பதிவாகும் காட்சியை அதே நேரத்தில் இணையம் வழியாகப் பலருக்குக் காட்டுவதாகும். தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பிலிருந்து இது இரண்டு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, இதற்குத் தனி நிலையமோ பெரிய முதலீடோ தேவையில்லை. இரண்டாவதாக, பார்ப்பவர் அரட்டைப் பெட்டியில் எழுதுவதை நேரலை செய்பவர் படித்து உடனே பதில் சொல்ல முடியும். நேரலையின் ஈர்ப்பும் அதன் வருமான முறைகளும் பெரிதும் இந்த இரண்டாவது வேறுபாட்டிலிருந்தே வளர்ந்தன.

தொடக்கக் காலம்

இணையத்தில் தொடர்ந்து காட்டப்பட்ட முதல் காட்சிகளுள் ஒன்று காப்பிப் பாத்திரம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் அறை எனப்பட்ட அறைக்கு அருகே காப்பி இயந்திரம் ஒன்று இருந்தது. வேறு தளங்களில் பணியாற்றியோர் படியேறி வந்து, காலிப் பாத்திரத்தைப் பார்த்துத் திரும்புவது வழக்கமாயிற்று. இதைத் தவிர்க்க 1991இல் பாத்திரத்தின் முன் ஒரு கேமரா பொருத்தப்பட்டது. 1993இல் அந்தப் படம் உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டது. அசைவற்ற, மங்கலான, கறுப்பு வெள்ளைப் படமே ஆனாலும் உலகெங்கும் பலர் அதைத் திறந்து பார்த்தனர். 2001இல் அந்தக் கேமரா நிறுத்தப்பட்டது.

1996இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டிக்கின்சன் கல்லூரி மாணவி ஜெனிபர் ரிங்லி, தன் விடுதி அறையில் கேமரா வைத்து 'ஜெனிகேம்' என்ற தளத்தைத் தொடங்கினார். படிப்பது, உறங்குவது, அறையில் எவரும் இல்லாமல் இருப்பது என அன்றாட வாழ்க்கை, சில நிமிடங்களுக்கு ஒரு படமாக வெளியானது. பார்ப்போர் கூடக்கூட, படங்களை அனுப்பும் செலவும் கூடியது. பின்னர் அவர் கட்டணம் செலுத்துவோருக்கு அடிக்கடி புதுப்பிக்கப்படும் படங்களையும், மற்றவர்களுக்குக் குறைவான படங்களையும் வழங்கினார். தனிமனிதரின் சாதாரண நாளைக் காணவும் மக்கள் பணம் தருவார்கள் என்பதை இது காட்டியது. 2003 இறுதியில் ஜெனிகேம் மூடப்பட்டது.

ஜஸ்டின் டிவியும் டுவிட்ச்சும்

2007 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர், தொப்பியில் கேமரா பொருத்திக்கொண்டு தன் வாழ்க்கையை இடைவிடாமல் ஒளிபரப்பத் தொடங்கினார். எம்மெட் ஷியர், மைக்கேல் சைபெல், கைல் வோக்ட் ஆகியோருடன் அவர் நிறுவிய ஜஸ்டின் டிவி, அதே ஆண்டில் எவரும் ஒளிபரப்பலாம் என்று கதவைத் திறந்தது. அங்கு வேகமாக வளர்ந்த பிரிவு கணினி விளையாட்டு. 2011இல் அது டுவிட்ச் என்ற தனித் தளமாகப் பிரிக்கப்பட்டது. 2014இல் ஜஸ்டின் டிவி மூடப்பட்டது. அதே மாதத்தில் அமேசான் நிறுவனம் சுமார் 97 கோடி டாலருக்கு டுவிட்ச்சை வாங்குவதாக அறிவித்தது.

விளையாட்டு நேரலைக்கு மிகவும் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. ஒரு மனிதரின் அன்றாட வாழ்க்கையில் நீண்ட நேரம் எதுவும் நிகழாது. விளையாட்டிலோ வெற்றி, தோல்வி, தடுமாற்றம் என்று நிமிடத்துக்கு நிமிடம் பேசப் பொருள் கிடைக்கும். ஐந்தாறு மணி நேரம் ஒளிபரப்பினாலும் உரையாடல் வற்றாது.

கொரியாவின் நட்சத்திர பலூன்

நேரலையின் இன்றைய வருமான முறை தென்கொரியாவில் உருவெடுத்தது. அங்கு 2006இல் தொடங்கிய அஃப்ரீக்கா டிவி, நட்சத்திர பலூன் என்ற மெய்நிகர் பரிசை விற்றது. ஒரு பலூனின் விலை 100 வோன். பார்வையாளர் பலூன்களை அனுப்பியதும் திரையில் அவர் பெயர் தோன்றும்; நேரலையாளர் பெயரைச் சொல்லி நன்றி கூறுவார். நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நேரலையாளருக்குத் தரும். கேமரா முன் அமர்ந்து உண்டபடியே பார்வையாளர்களுடன் பேசும் 'முக்பாங்' நிகழ்ச்சியும் இத்தளத்தில்தான் புகழ்பெற்றது.

தமிழ்நாட்டுக் கூத்து மேடைகளில் அன்பளிப்புக் கொடுத்தவரின் ஊரையும் பேரையும் கலைஞர் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். கூத்தை எல்லோரும் இலவசமாகவே பார்க்கலாம். பணம் தருபவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது, எல்லோர் முன்னிலையிலும் தன் பெயர் ஒலிப்பதுதான். மேடைக்கும் இணையத்துக்கும் இடையே முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு: இணையத்தில் ஒவ்வொரு அன்பளிப்பிலும் இடையில் நிற்கும் நிறுவனம் பங்கு எடுக்கிறது.

சீனாவில் இம்முறை பெருந்தொழிலாக வளர்ந்தது. விளையாட்டாளர்களின் குரல் அரட்டைச் சேவையாகத் தொடங்கிய ஒய்ஒய், பாடகர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் மெய்நிகர் பரிசு அனுப்பும் தளமாக மாறி, 2012இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2016இல் அலிபாபா நிறுவனம் தாவோபாவ் நேரலையைத் தொடங்கியபின், நேரலையிலேயே பொருள் விற்பது பரவியது. இதில் புரண்ட பணத்தின் அளவை ஒரு வழக்கு உணர்த்தும்: 2021 டிசம்பரில் வெய்யா என்ற முன்னணி விற்பனையாளருக்கு, வரி ஏய்ப்புக்காக 134 கோடி யுவான் செலுத்துமாறு உத்தரவிடப்பட்டது. சிறுவர்கள் பெற்றோரின் பணத்தைப் பரிசாக அனுப்பிய நிகழ்வுகள் பெருகியதால், 18 வயதுக்கு உட்பட்டோர் பரிசு அனுப்புவதை 2022இல் சீன அரசு தடுத்தது.

விளம்பரத்திலிருந்து அன்பளிப்புக்கு

மேலை நாடுகளில் முதலில் விளம்பரமே முதன்மை வருமானமாக இருந்தது. யூடியூப் 2007இல் தன் விளம்பர வருவாயைக் காணொளி உருவாக்குவோருடன் பகிரத் தொடங்கியது. 2017இல் தங்கள் விளம்பரங்கள் தீவிரவாதக் காணொளிகளில் தோன்றியதைக் கண்ட பெரிய நிறுவனங்கள் பல விலகின. அடுத்த ஆண்டு, 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் பெற்ற அலைவரிசைகளுக்கே விளம்பரப் பங்கு என்று யூடியூப் விதித்தது. சிறிய அலைவரிசைகள் பல, தம் தவறு எதுவுமின்றி அந்த வருமானத்தை இழந்தன.

இத்தகைய நிலையற்ற தன்மையால் பார்வையாளரிடமிருந்து நேரடியாகப் பணம் பெறும் வழிகள் முக்கியத்துவம் பெற்றன. டுவிட்ச்சில் மாதச் சந்தா 4.99 டாலராக இருந்தது. பொதுவாக அதில் பாதி நேரலையாளருக்குச் சென்றது. 2016இல் 'பிட்ஸ்' என்ற மெய்நிகர் காசு அறிமுகமானது. தொடக்கத்தில் 100 பிட்ஸ் வாங்கப் பார்வையாளர் 1.40 டாலர் தந்தார். நேரலையாளருக்குக் கிடைத்தது 1 டாலர். 2017இல் யூடியூப் 'சூப்பர் சாட்' முறையைக் கொண்டுவந்தது. அதில் பணம் தந்தவரின் செய்தி வண்ணத்தில் மேலே நிற்கும். கூடுதல் பணத்துக்குக் கூடுதல் நேரம்.

ஈர்ப்பின் காரணம்

1956இல் டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், தொலைக்காட்சி, வானொலி ஆளுமைகளை மக்கள் நண்பர்களைப் போலவே உணர்வதைக் கவனித்து எழுதினர். அந்த உறவு ஒருவழிப்பட்டது என்பது அவர்களின் முடிவு. நேரலை அந்த ஒருவழியைச் சற்றே திறந்துவிட்டது. அறிவிப்பாளர் பார்வையாளரின் பெயரைச் சொல்லலாம், நேற்று கேட்ட கேள்வியை நினைவில் வைத்திருக்கலாம். ஆனால் இருபது பேர் பார்க்கும்போது இயல்பாக நடக்கும் இந்த உரையாடல், இருபதாயிரம் பேர் பார்க்கும்போது நடக்காது. அரட்டை வரிகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடும். அங்கே பதில் அரிதான பொருளாகிறது. அரிதானதற்கு விலை வைக்க முடிகிறது.

இதனால் நேரலையாளரின் உழைப்பும் தனித்தன்மை பெறுகிறது. பதிவுசெய்த காணொளி, உருவாக்கியவர் உறங்கும்போதும் வருமானம் தரும். நேரலையில் அன்பளிப்பு வருவது பெரும்பாலும் அவர் திரைமுன் இருக்கும்போதுதான். சில நாள் விடுப்பு எடுத்தாலும் பார்வையாளர்கள் வேறிடம் சென்றுவிடுவர் என்ற அச்சம் நீண்ட வேலை நேரத்துக்கும் சோர்வுக்கும் காரணமாகிறது.

வருமானப் பங்கீடும் சார்புநிலையும்

2021 அக்டோபரில் டுவிட்ச்சின் உள் ஆவணங்கள் இணையத்தில் கசிந்தன. 2019 முதல் சுமார் இரண்டு ஆண்டுகளில் 'கிரிட்டிக்கல் ரோல்' என்ற குழு 96 லட்சம் டாலருக்கு மேல் பெற்றிருந்தது தெரியவந்தது. பணத்தின் பெரும்பகுதி மிகச் சிலரிடமே சேர்ந்ததையும் அந்த ஆவணங்கள் காட்டின. அதிகம் பார்க்கப்படும் நேரலைகள் பட்டியலின் மேலே தோன்றும். மேலே தோன்றுவதால் மேலும் பார்க்கப்படும். புதியவருக்கு இதுவே பெருந்தடை.

மேலே இருப்பவரும் தளத்தைச் சார்ந்தவரே. மைக்ரோசாப்ட்டின் மிக்சர் தளம் 2019இல் புகழ்பெற்ற விளையாட்டாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்து, 2020 ஜூலையில் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது, தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து அதில் பெயர்பெற்றவர்களும் தங்கள் பார்வையாளர்களை ஒரே இரவில் இழந்தனர். இணையக் கட்டணம் மிக அதிகம் என்று கூறி டுவிட்ச் 2024 பிப்ரவரியில் தென்கொரியாவிலிருந்து விலகியது. மூன்று நிகழ்வுகளிலும் முடிவெடுத்தவர்கள் நேரலையாளர்கள் அல்லர்.

ஜெனிகேம் காலத்தில் கேமராவும் வலைத்தளமும் அதை நடத்தியவருக்கே உரியவையாக இருந்தன. செலவுச் சுமையும் அவருடையதே. இன்றைய தளங்கள் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு, கைப்பேசி உள்ள எவருக்கும் மேடை தந்துள்ளன. பார்வையாளர் பட்டியல், வருமானப் பங்கு, பட்டியலில் இடம் ஆகியவற்றை முடிவுசெய்யும் உரிமை அதற்கு ஈடாகத் தளங்களிடம் சென்றது. இத்துறையில் நிலைத்தவர்கள் பலர் ஒரே தளத்தை நம்பாமல் பல தளங்களில் இயங்குவதும், பொருள் விற்பனை போன்ற பிற வருவாய்களைத் தேடுவதும் இந்த அனுபவத்தின் விளைவே.