சிறுத்துப்போன சட்டைகளின் சரித்திரம்

பிறக்கும்போது ஒரு குழந்தையின் நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். ஓராண்டு நிறைவதற்குள் அது 75 சென்டிமீட்டர் அளவை எட்டிவிடுகிறது; எடையோ மும்மடங்காகிறது. அதன் பின்னர் வாழ்நாளின் எந்த ஆண்டிலும் மனிதன் இத்துணை விரைவாக வளர்வதில்லை. இவ்வளர்ச்சி பெற்றோருக்குப் பெருமகிழ்ச்சி தருவது. ஆயினும் அதனோடு ஒரு சிறு தொல்லையும் வந்து சேர்கிறது. பெரியவர்களின் ஆடை உடுத்து உடுத்துத் தேய்ந்து, கிழிந்து, பயனற்றுப் போகிறது. குழந்தையின் ஆடையோ தேய்வதற்கு முன்னரே சிறுத்துவிடுகிறது. மூன்று மாதமே அணிந்த சட்டை, புதுமை மாறாமல், அணிவாரின்றிப் பெட்டியில் கிடக்கிறது.

அதனை என் செய்வது? பெட்டியிலேயே வைத்திருப்பதா, பிறருக்குக் கொடுப்பதா, விற்பதா, எறிவதா? இது வீட்டுப் பெண்டிர் தீர்த்துக்கொள்ள வேண்டிய அற்பக் காரியம், இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் நினைக்கக்கூடும். மன்னர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் மட்டுமே வரலாறு என்று கருதிவந்த காலம் கடந்துவிட்டது. ஒரு சமுதாயம் தன் குழந்தைகளுக்கு எவ்வாறு உடுத்தியது என்பதும் வரலாறே. இங்கிலாந்து நாடு இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகளை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவோம். தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவரின் நெடுநாள் முயற்சியால், வளர்க்க வழியற்ற தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளுக்காக லண்டனில் ஓர் இல்லம் ஏற்பட்டது. 1741ஆம் ஆண்டில் அது முதன்முதலாகக் குழந்தைகளை ஏற்றுக்கொண்டது. பின்னொரு நாள் தாய் திரும்பி வந்தால் அவள் குழந்தை எது என்று அறிவதற்கு அடையாளம் வேண்டுமல்லவா? அதற்காகப் பெரும்பாலும் குழந்தையின் ஆடையிலிருந்தே ஒரு சிறு துண்டைக் கத்தரித்துப் பதிவேட்டில் குத்தி வைத்தார்கள். இவ்வாறு சேர்ந்த துணித்துண்டுகள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. சாமானிய மக்களின் அக்காலத் துணிகளுள் பிரிட்டனில் எஞ்சியிருக்கும் மிகப்பெரிய தொகுதி இதுவே. நம் சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளைப் பின்பற்றி அங்கே அச்சிடப்பட்ட பூத்துணிகளும் அவற்றுள் உண்டு. அத்துண்டுகள் தெரிவிக்கும் செய்தி ஒன்று: ஏழைக் குழந்தையின் சட்டை பல வேளைகளில் தாயின் பழைய உடையிலிருந்து வெட்டித் தைக்கப்பட்டது. நூலைக் கையால் நூற்று, துணியைக் கையால் நெய்த அந்நாளில் துணி அருமையான பொருள். அதை எறிவது என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரங்கள் துணியை மலிவாக்கின. எனினும் பழைய துணி வாணிகம் குறையவில்லை. லண்டன் நகரத்து உழைப்பாளர்களையும் ஏழைகளையும் நேரில் கண்டு எழுதிய ஹென்றி மேஹ்யூ, 1851ஆம் ஆண்டையொட்டி வெளியான தம் நூலில் அவ்வாணிகத்தை விரிவாக விளக்கியுள்ளார். ஹவுண்ட்ஸ்டிச் என்னும் பகுதியில் பழைய துணிக்கெனவே ஒரு பெருஞ்சந்தை இருந்தது. தெருத்தெருவாகச் சென்று பீங்கான் பாத்திரங்களைக் கொடுத்துப் பழைய துணிகளை வாங்கியவர்களையும் அவர் வருணிக்கிறார். பழைய சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் வியாபாரியை நம் தெருக்களில் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஆனால் அவ்வாணிகத்தின் மீது இரண்டு கறைகள் படிந்திருந்தன. ஒன்று நோய் அச்சம். அம்மை, செங்காய்ச்சல் போன்ற தொற்றுநோய்கள் துணி வழியே பரவும் என மக்கள் அஞ்சினர். 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், நோய்ப்பட்டவரின் துணியைத் தூய்மை செய்யாமல் கொடுப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியது. மற்றொன்று மான உணர்ச்சி. பிறர் உடுத்ததை உடுத்துவது ஏழ்மையின் முத்திரை என்னும் எண்ணம் வேரூன்றியது. முதற்கறையைச் சட்டமும் சவர்க்காரமும் போக்கின. இரண்டாவது கறை அவ்வளவு எளிதில் போகவில்லை. அதை ஓரளவேனும் போக்கியது ஒரு பெரும் போர்.

1939 செப்டம்பர் முதல் நாளன்று, விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சி, நகரத்துக் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். மாற்றுடையின்றியும் நல்ல காலணியின்றியும் வந்திறங்கிய சிறுவர் சிறுமியரைக் கண்டு, வசதியாக வாழ்ந்த கிராமத்துக் குடும்பத்தினர் திடுக்கிட்டனர். தம் நாட்டின் வறுமையை அவர்கள் அன்றுதான் தம் வீட்டு வாயிலில் கண்டார்கள்.

1941 ஜூன் முதல் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மூடியிருந்தன. வர்த்தகத்துறைத் தலைவர் ஆலிவர் லிட்டில்டன் வானொலியில் ஓர் அறிவிப்பைச் செய்தார்: இனி ஆடைகளுக்கும் பங்கீடு. முன்கூட்டித் தெரிந்தால் செல்வர் வாங்கிக் குவித்துவிடுவர் என்று இரகசியம் காக்கப்பட்டது. புதிய கூப்பன்கள் அச்சிட்டால் இரகசியம் வெளிப்படும் என்று, உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் எஞ்சியிருந்த மார்ஜரின் கூப்பன்களையே தொடக்கத்தில் பயன்படுத்தினார்கள். வயதுவந்த ஒருவருக்கு ஓராண்டுக்கு 66 கூப்பன்கள். ஆண் ஒருவரின் முழு உடைத் தொகுதிக்கு 26, குளிருக்கேற்ற மேற்சட்டைக்கு 16, காலணிக்கு 7. இவற்றைக் கூட்டினால் 49. எஞ்சிய 17ஐக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் உள்ளாடை, காலுறை முதலியவற்றை முடித்துக்கொள்ள வேண்டும். பின்னர் இவ்வளவும் குறைந்தது. 1945 செப்டம்பர் தொடங்கி எட்டு மாதங்களுக்கு 24 கூப்பன்களே கிடைத்தன.

வளரும் குழந்தைகளுக்குக் கூடுதலாகப் பத்துக் கூப்பன்கள் வழங்கினார்கள். ஆனால் குழந்தையின் கைகால்கள் அரசாங்கத்தின் ஆணைக்குக் கட்டுப்பட்டா வளர்கின்றன? ஒரு வீட்டில் மூன்று மாதக் குழந்தையின் சட்டை சும்மா கிடந்தது. அடுத்த வீட்டில் அதே சட்டைக்குக் கூப்பனின்றித் தாய் தவித்தாள். இவ்விரு வீடுகளையும் இணைத்தவர்கள் மகளிர் தன்னார்வத் தொண்டுப் படையினர்.

இப்படையை 1938ஆம் ஆண்டில் நிறுவியவர் ரீடிங் பிரபுவின் மனைவியான ஸ்டெல்லா ரீடிங் அம்மையார். ரீடிங் பிரபு 1921 முதல் 1926 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். அக்காலத்தில் ஸ்டெல்லா அவ்வலுவலகத்தில் பணிபுரிந்தவர். பின்னர், 1931இல், அவரை மணந்தவர். அம்மையாரின் படையினர் ஊர்தோறும் குழந்தை ஆடைப் பரிமாற்ற நிலையங்களைத் திறந்தனர். முறை மிக எளிது. தாய் தன் குழந்தைக்குச் சிறுத்துப்போன ஆடைகளைத் துவைத்து, பழுதுபார்த்துக் கொண்டு வருவாள். அங்குள்ள பெண்மணி அவற்றின் தரத்தை நோக்கிப் புள்ளிகள் வழங்குவார். அப்புள்ளிகளைக் கொண்டு தாய் தன் குழந்தைக்கேற்ற பெரிய ஆடைகளைத் தெரிந்தெடுத்துச் செல்வாள். பணம் தேவையில்லை, கூப்பனும் தேவையில்லை.

மாணவர்களே, இம்முறையின் நுட்பத்தைச் சற்றே ஊன்றி நோக்குங்கள். குண்டுவீச்சில் அனைத்தையும் இழந்தோருக்கு இதே படையினர் தனியே துணிகளை வழங்கிவந்தனர். அது உதவி. பரிமாற்ற நிலையமோ உதவி அன்று. அங்கே கொடுப்பவர் கை மேலும் இல்லை, பெறுபவர் கை கீழும் இல்லை. ஒவ்வொரு தாயும் தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்துத் தனக்கு வேண்டிய ஒன்றைப் பெற்றாள். ஆடையைக் கிழியாமல் காத்தவளுக்கு மிகுதியான புள்ளி கிடைத்தது. அவளது தையலும் சலவையும் மதிப்புப் பெற்றன. 'உள்ளதைக் கொண்டு ஒப்பேற்று, கிழிந்ததைத் தைத்து உடுத்து' என்னும் கருத்துப்படத் தலைப்பிட்டு 1943இல் அரசு ஒரு சிறுநூலும் வெளியிட்டது. பழைய சட்டை அணிவது அந்நாளில் ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்படாமல், நாட்டுக்குச் செய்யும் கடமையாகக் கருதப்பட்டது. துணி மாறவில்லை, அதைப் பார்த்த கண் மாறியது.

இதனை நான் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பள்ளிகளில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், ஒவ்வொரு ஜூன் மாதமும் அண்ணனின் சீருடையை அணிந்துவரும் சில மாணவர்களைக் காண்பேன். தொளதொளத்த தோள்பட்டையையும் பிரித்துத் தைத்த விளிம்பையும் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அச்சட்டையில் குறையொன்றும் இராது. சில வேளைகளில் புதுச்சட்டையைவிட நன்றாகவே வெளுக்கப்பட்டிருக்கும். குறை, சுற்றி நின்று நோக்கியவர்களின் பார்வையில் இருந்தது. பார்வையை மாற்றுவதற்குப் போர் ஒன்று வரவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு ஒன்று போதும் என்பதே பரிமாற்ற நிலையங்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

1949 மார்ச் மாதத்தில் பிரிட்டனில் ஆடைப் பங்கீடு முடிவுற்றது. துணி பெருகியது, பழைய எண்ணமும் திரும்பியது. ஆயினும் விதை அழியவில்லை. 1947இல் ஆக்ஸ்போர்டு நகரின் பிராடு தெருவில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பினர் திறந்த கடையைப் போன்று, பழம்பொருளை விற்று அறச்செயலுக்குப் பணம் சேர்க்கும் கடைகள் நாடெங்கும் பரவின. நம் காலத்தில் இவ்வாணிகம் கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் மாறியிருக்கிறது. 2008இல் லித்துவேனியா நாட்டில் தோன்றிய வின்டெட் போன்ற இணையச் சந்தைகளில், குழந்தைக்குச் சிறுத்துப்போன சட்டைகளைப் பெற்றோர் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கின்றனர். அன்றைய புள்ளிகள் இருந்த இடத்தில் இன்று பணம் இருக்கிறது.

இன்று போர்க்காலப் பற்றாக்குறை இல்லையே, பின் ஏன் இச்சிக்கனம் என்று கேட்கலாம். பற்றாக்குறை இன்றும் உண்டு. அது துணிக்கு அன்று, தண்ணீருக்கு. ஒரு கிலோகிராம் பருத்தித் துணி உருவாக, பயிர் முதல் சாயம் வரை, உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. 100 கிராம் எடையுள்ள ஒரு குழந்தைச் சட்டைக்குப் பின்னால் ஆயிரம் லிட்டர் நீர் இருக்கிறது என்று கொள்க. ஐரோப்பியக் குழந்தைகள் அணியும் பின்னலாடைகளுள் பல நம் திருப்பூரில் தைக்கப்படுபவை. அவற்றிற்குச் சாயமேற்றிய கழிவுநீர் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, உழவர்களின் நிலத்தையும் கிணற்றையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

இங்கே நேர்மையான ஒரு கேள்வி எழுகிறது. உலகத்தார் பழைய சட்டைகளையே வாங்கினால் திருப்பூர்த் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது? இதற்கு எளிய விடை கிடையாது. ஆயினும் ஒன்று கூறலாம். மூவர் அணிந்த பின்னரும் உழைக்கும் சட்டைக்குத்தான் மறுவிற்பனையில் மதிப்புண்டு. மறுவிற்பனை பெருகினால், மலிவான பத்துச் சட்டைகளைவிட உறுதியான மூன்று சட்டைகளை நல்ல விலைக்கு வாங்க மக்கள் முன்வருவர். அந்நல்ல விலை தைத்தவரின் கூலிக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் சென்று சேருமாறு செய்வது அரசுகளின் கடமை, வணிகரின் கடமை.

வேறொரு எச்சரிக்கையும் வேண்டும். பழைய சட்டைகளை விற்ற பணத்தைக் கொண்டு, தேவைக்கு மிஞ்சிய புதுச்சட்டைகளை வாங்கினால் ஒரு துளி நீரும் மிச்சமாகாது. புதியது ஒன்றிற்கு மாற்றாகப் பழையது ஒன்று வந்தால் மட்டுமே பயன் உண்டு. வாங்கிய ஆடையைக் கொதிநீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, அறுந்த பொத்தானும் கழுத்தருகே நீண்ட நாடாவும் இல்லாதவாறு நோக்கிய பின்னரே குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னிருந்த அறிவு இன்றும் பழுதானதன்று.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் வீட்டுப் பாட்டியாரை அணுகி, அவர் பிள்ளைகளின் முதற்சட்டை எத்துணியில் தைக்கப்பட்டது, அதன் பின்னர் அதை யார் யார் அணிந்தனர், கடைசியில் அது என்னவாயிற்று என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆண்டையும் ஊரையும் குறிக்க மறவாதீர்கள். லண்டன் இல்லத்துப் பதிவேட்டில் துணித்துண்டைக் குத்தி வைத்த எழுத்தர், தாம் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்கமாட்டார். இருநூற்றெண்பது ஆண்டுகள் கழித்து, அன்றைய ஏழைத் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு என்ன உடுத்தினர் என்பதை அவரது குண்டூசிதான் நமக்குச் சொல்கிறது.