விருந்தில் வேலைக்காரன்

1573இல் வெனிஸின் சமய விசாரணை மன்றம் ஓவியன் வெரோனீஸைக் கேட்டது: கடைசி இராப்போஜனத்தில் குள்ளனுக்கும், மூக்கில் ரத்தம் வடியும் வேலைக்காரனுக்கும் என்ன வேலை? கவிகளுக்கும் பித்தர்களுக்கும் உள்ள சுதந்திரம் தனக்கும் உண்டு என்றான். திருத்தச் சொன்னார்கள். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட அந்தச் சித்திரத்திலிருந்து அவர்களை அவன் வெளியேற்றவில்லை. ‘லேவி வீட்டு விருந்து’ என்று தலைப்பை மாற்றினான். லேவி ஆயக்காரன், அவன் பந்தியில் பாவிகளும் உட்காரலாம்.

பெண்ணாடத்துக்காரனான எனக்கு இது எங்களூர்க் கலிக்கம்பரின் விருந்தாகவே படுகிறது. அடியாராக வந்தவர்களில் ஒருவன் முன்னாள் வேலைக்காரன். அவன் கால் கழுவ நீர் வார்க்க மனைவி தயங்கினாள். நாயனார் அவள் கையை வெட்டிவிட்டுத் தாமே நீர் வார்த்து அமுது படைத்தார் என்கிறது பெரியபுராணம்.

வேலைக்காரனைச் சேக்கிழாரும் வெளியேற்றவில்லை. ஆனால் வெனிஸில் அதற்கு விலை ஒரு தலைப்பு. இங்கே ஒரு கை. தயக்கம் ஊருடையது, வெட்டுப்பட்டது அவள் கை மட்டும்.