கடைசி ஆள் விளக்கை அணைக்கவும்

1971, ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு விளம்பரப் பலகை முளைத்தது. சோப்பு விளம்பரம் இல்லை. சினிமா விளம்பரமும் இல்லை. சியாட்டிலைவிட்டுக் கிளம்பும் கடைசி ஆள், விளக்கை அணைத்துவிட்டுப் போகவும். அவ்வளவுதான் செய்தி.

வைத்தவர்கள், ரியல் எஸ்டேட் தொழிலில் இருந்த இரண்டு பேர். ஒரு கிண்டலுக்காகத்தான் வைத்தார்கள். ஆனால், ஊர்க்காரர்களால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. பாதி உண்மை அல்லவா?

அந்த ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு கம்பெனி. போயிங்.

கதை 1966ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்கப் பொருளாதாரம் அப்போது உச்சத்தில் இருந்தது. விமானத்தில் ஏறுகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் எகிறிக்கொண்டிருந்தது. பான் ஆம் ஏர்லைன்ஸின் தலைவர் ஜுவான் ட்ரிப் ஒரு கணக்குப் போட்டார். கூட்டம் இதே வேகத்தில் ஏறினால், இப்போது இருக்கும் விமானம் எந்த மூலைக்கு? போயிங் தலைவர் பில் ஆலனைப் பிடித்தார். போயிங் 707 போல இரண்டரை மடங்கு பெரிசாக ஒன்று செய்து கொடுங்கள். 25 விமானங்களுக்கு ஆர்டர். மொத்தம் 52.5 கோடி டாலர்.

அதுதான் 747. நமக்கெல்லாம் ஜம்போ ஜெட்.

ஒரு பான் ஆம் வாங்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்க்கடையில் ஜம்போ பறக்கும்போது நம்மிடம் இல்லாவிட்டால் மானம் என்னாவது? வரிசையில் வந்து நின்றார்கள். போயிங், வங்கிகளில் 100 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி, எவரெட் என்ற இடத்தில் பிரம்மாண்டமான தொழிற்சாலையையே புதிதாகக் கட்டியது.

எல்லாம் சரி. ஒரே ஒரு சிக்கல். விமானம் என்பது கடையில் காசு கொடுத்துக் கையோடு வாங்கி வருகிற சமாசாரம் இல்லை. இன்றைக்கு ஆர்டர் கொடுத்தால், கைக்கு வர நாலு வருஷம் ஆகும். ஆர்டர் கொடுக்கிற அன்று இருக்கிற பொருளாதாரம் வேறு. டெலிவரி எடுக்கிற அன்று இருக்கப் போகிற பொருளாதாரம் வேறு. கல்யாணத்துக்கு ஆயிரம் இலைக்குச் சொல்லிவிட்டு, பந்திக்கு நானூறு பேர் வந்தால் எப்படி இருக்கும்?

அப்படித்தான் ஆனது. 1969 டிசம்பரில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் ஆரம்பித்தது. 1970 ஜனவரி 22 அன்று, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு பான் ஆமின் முதல் ஜம்போ பறந்தது. தேதிகளைப் பாருங்கள். ஜம்போ வந்தது. ஜனம் வரவில்லை.

ஏர்லைன்ஸ்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். காலி இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லவுஞ்ச் அமைத்தார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு படி மேலே போய், ஜம்போவுக்குள் பியானோவே வைத்தது. அப்படியும் பந்தி நிறையவில்லை. அடுத்து என்ன? வாங்க வேண்டிய விமானங்களைத் தள்ளிப்போடு.

இங்கேதான் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் திறக்கவேண்டும். ஆர்டரோடு அட்வான்ஸ். விமானம் தயாராகத் தயாராகத் தவணை. பெரிய தொகை, டெலிவரி எடுக்கும்போதுதான். ஆக, அதைத் தள்ளிப்போட்டால் ஏர்லைன்ஸுக்கு நிம்மதி. ஆனால் தயாரித்தவன்? இரும்புக்கும் அலுமினியத்துக்கும் கூலிக்கும் செலவழித்த பணம் முடங்கிக் கிடக்கும். கடனுக்கு வட்டி மட்டும் முடங்காது.

ஏற்கெனவே வாங்கிய விமானத்தை நிறுத்தி வைப்பதும் இதே கணக்குதான். பாதி காலியாகப் பறந்தால் எரிபொருள், விமானிச் சம்பளம், இறங்குகிற இடத்தில் கட்டணம். நிறுத்திவிட்டால் இவையெல்லாம் மிச்சம். எங்கே நிறுத்துவது? பாலைவனத்தில். காற்றில் ஈரம் கிடையாது, துரு பிடிக்காது. இன்ஜின் வாயை மூடி, ஜன்னல்களை மறைத்து, அவ்வப்போது சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் போதும், பத்திரமாக இருக்கும். கடன் தவணை மட்டும் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

போயிங்குக்கு அடிமேல் அடி. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம், உள்நாட்டு ஏர்லைன்ஸ் ஒன்றுகூடப் புது ஆர்டர் தரவில்லை. நிலவுப் பயணத் திட்டத்துக்கான வேலைகள் குறைந்தன. ஒலியைவிட வேகமாகப் போகும் பயணிகள் விமானத்துக்கு அரசாங்கம் கொடுத்து வந்த பணத்தையும், 1971 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்திவிட்டது.

1967ல் சியாட்டில் வட்டாரத்தில் மட்டும் போயிங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 1971ல் அது 40,000க்கும் கீழே. ஏர்லைன்ஸுக்குத் தள்ளிப்போட வழி இருந்தது. போயிங்குக்கு ஆள் குறைக்க வழி இருந்தது. வேலை போனவனுக்கு? வீட்டு வாடகையைத் தள்ளிப்போட முடியுமா? பசியைத்தான் பாலைவனத்தில் நிறுத்தி வைக்க முடியுமா?

பசித்தவர்களுக்காகத் தேவாலயங்கள் உணவு திரட்டின. அதற்கு ஜப்பானின் கோபே நகரத்திலிருந்தும் உதவி வந்தது. கோபே, சியாட்டிலின் சகோதர நகரம். இரண்டாம் உலகப் போரில், 1945ல், அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுக் கொளுத்திய ஊர். கொளுத்திய பி-29 ரக விமானங்கள் போயிங் வடிவமைத்தவை. இருபத்தாறு வருஷம் கழித்து, அந்த ஊரிலிருந்து சியாட்டிலுக்குச் சாப்பாடு வருகிறது. வானத்திலிருந்து குண்டு வாங்கியவர்கள், பதிலுக்கு அனுப்பியது உணவு.

போயிங் பிழைத்துக்கொண்டது. ஜம்போவும் ஜெயித்தது. மொத்தம் 1,574 விமானங்கள். கடைசி ஜம்போவை 2023 ஜனவரியில்தான் டெலிவரி கொடுத்தார்கள். முதலில் ஆர்டர் கொடுத்த பான் ஆம் அதுவரை இல்லை. 1991லேயே இழுத்து மூடிவிட்டார்கள்.

பாடம் கற்றுக்கொண்டார்களா என்றால், ம்ஹும். 2001, 2008, 2020. ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. காட்சி ஒன்றே. டெலிவரி தள்ளிப்போகும், பாலைவனம் நிரம்பும், எங்கோ ஓர் ஊரில் சம்பளம் நின்றுபோகும்.

வானம் தெளிவாக இருக்கும்போது ஆர்டர் கொடுக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிற பேனாவுக்கு நாலு வருஷத்துக்குப் பிந்தைய மழை தெரிவதில்லை. நனைகிறவர்கள், பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.