கைப்பிடி அரிசி முதல் ஃபுட் பேன்ட்ரி வரை



பிள்ளைகளே, நம் ஆராதனை ஹாலின் வாசலில் ஒரு நீலப் பெட்டி இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அதில் பருப்பும், டின்னில் அடைத்த காய்கறியும், சீரியல் பாக்கெட்டும் போடுகிறீர்கள். அது நம் ஊர் ஃபுட் பேன்ட்ரிக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் ஊரிலிருந்து தொடங்குகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர்களுக்குக் கைப்பிடி அரிசி நினைவிருக்கும். உலை வைக்கும் முன், அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பானை நிறைந்ததும் அது காணிக்கையாக ஆலயத்துக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் என் பாட்டி அந்தப் பிடியை நிறுத்தியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே சோற்றை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலியுடன் நடந்த போரினால் பஞ்சம் வந்தபோது, 1782-இல் அங்கே மணியக்காரர் சத்திரம் என்ற கஞ்சி ஊற்றும் இடம் தொடங்கியது. கஞ்சி குடிக்க வந்தவர்களில் பலர் நோயாளிகள். அதனால் 1799-இல் அங்கேயே வைத்தியசாலையும் வந்தது. முதலில் கஞ்சி, பிறகுதான் மருந்து. செவிலியராகிய எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது. 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

சரியாக நூறு வருடம் கழித்து, 1967-இல், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் உலகின் முதல் ஃபுட் பேங்க்கைத் தொடங்கினார். கடைகளில் நல்ல உணவு குப்பைக்குப் போவதை ஓர் ஏழைத் தாய் அவருக்குச் சொன்னார். பணத்தைப் பேங்கில் போட்டு எடுப்பதுபோல் உணவையும் போட்டு எடுக்க ஓர் இடம் வேண்டும் என்றும் அவரே சொன்னார். செயின்ட் மேரீஸ் ஆலயம் ஒரு பழைய கட்டடம் கொடுத்து உதவியது. அந்த ஆலயத்தின் பெயரே ஃபுட் பேங்க்குக்கும் வந்தது.

பிள்ளைகளே, ஃபுட் பேங்க் வேறு, ஃபுட் பேன்ட்ரி வேறு. ஃபுட் பேங்க் என்பது களத்து மேட்டில் இருக்கும் பெரிய நெற்குதிர் மாதிரி. லாரி லாரியாக உணவு வந்து சேரும் கிடங்கு அது. ஃபுட் பேன்ட்ரி என்பது நம் வீட்டு அரிசிப்பானை மாதிரி. அக்கம்பக்கத்தார் வந்து வாங்கிப்போகும் சிறிய இடம். பல பேன்ட்ரிகள் ஆலயங்களின் பேஸ்மென்ட்டில்தான் நடக்கின்றன.

நம் நியூ ஜெர்சியின் கதை 1975-இல் தொடங்குகிறது. பொருளாதாரம் சரிந்து பலருக்கு வேலை போன காலம். கேத்லீன் டிகியாரா என்ற தாய் உணவைச் சேகரித்துத் தன் ஸ்டேஷன் வேகன் காரின் பின்பக்கத்தில் வைத்து ஏழைகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அலுவலகமோ சம்பளமோ இல்லாத வேலை அது. 1982-இல் அது முறைப்படி பதிவு பெற்ற அமைப்பானது. ஹில்சைடில் இருக்கும் கம்யூனிட்டி ஃபுட்பேங்க் ஆஃப் நியூ ஜெர்சி அப்படி வளர்ந்ததுதான்.

அந்த 1982-ஆம் வருட முடிவில் இந்த நாட்டில் வேலையில்லாதோர் 10.8 சதவீதம். அதற்குச் சற்று முன்பு, 1981 டிசம்பரில், அரசாங்கக் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த சீஸில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்குக் கொடுக்க ரீகன் அரசு முடிவு செய்தது. அவசரத்துக்கென்று தொடங்கிய உதவி பிறகு நிலைத்துவிட்டது. நல்ல மனதோடு கொடுத்த உணவுக்காகக் கொடுத்தவர்மேல் வழக்கு வராமல் காக்கும் சட்டம் 1996-இல் வந்தது. பெரிய கடைகள் பயமின்றிக் கொடுக்கத் துணிந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் நம் கடற்கரையைத் தாக்கியது. 2020-இல் கொரோனா வந்தது. அந்த ஏப்ரலில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரே நாளில் சுமார் 10,000 குடும்பங்கள் உணவுக்காகக் காரில் வரிசையில் நின்றன. கொரோனா காலத்தில் அரசு ஸ்னாப் உதவியைக் கூட்டிக் கொடுத்தது. 2023 பிப்ரவரியோடு அந்தக் கூடுதல் தொகை நின்றது. அரிசி, முட்டை, வாடகை எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. 2021-இல் போதிய உணவுக்குத் திண்டாடிய வீடுகள் நூற்றுக்கு 10.2. 2023-இல் அது 13.5 ஆனது. 2025-இல் அரசாங்கம் 43 நாள் முடங்கியபோது, நவம்பர் மாத ஸ்னாப் பணம் பலருக்கு உரிய நாளில் வரவில்லை. அந்த உதவியை நம்பியிருந்தவர்கள் நாடு முழுவதும் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர். பேன்ட்ரி வரிசைகள் நீண்டன.

இந்த எண்களுக்குப் பின்னால் முகங்கள் உண்டு. நான் தமிழ்நாட்டில் படித்து, இங்கே தேர்வெழுதி நர்ஸாக வேலை செய்கிறேன். ஒருமுறை டிஸ்சார்ஜ் ஆகும் பெரியவரிடம், "இந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள்" என்றேன். அவர் மெதுவாக, "சாப்பாடு இல்லாத நாளில்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சர்க்கரை நோயாளி சாப்பிடாமல் சில மருந்துகளை எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பயந்து மருந்தை விட்டால் ஏறும். கஞ்சித்தொட்டிக்காரர்களுக்கு அன்றே தெரிந்தது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பேன்ட்ரியில் உதவிக்கு நின்றேன். வரிசையில் நம் மொழி பேசும் ஒரு சகோதரி நின்றிருந்தார். அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று நினைத்து, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை மரியாதை என்றே எண்ணினேன். பல மாதங்கள் கழித்து அவரே சொன்னார்: "அக்கா, வரிசையில நின்னதுகூட வலிக்கல. நீங்க திரும்பிக்கிட்டதுதான் வலிச்சுது." அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் எல்லோர் முன்னும் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம்.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள். ஸ்னாப் உதவிக்கும் அவர்களுக்குத் தகுதி இல்லை. பெரிய வீடு, நல்ல கார் என்று வெளியே தெரியும். உள்ளே பால் வாங்கக் கணக்குப் பார்ப்பார்கள். பெரும்பாலான பேன்ட்ரிகளில் விசாவைப் பற்றிக் கேட்பதில்லை. தேவைப்படுகிறவர் தயங்காமல் போகலாம். போவது வெட்கமல்ல.

பேன்ட்ரிகளும் மாறிவருகின்றன. முன்பு கட்டி வைத்த பையை நீட்டுவார்கள். இப்போது பல இடங்களில் கடையைப்போல் அடுக்கி வைத்து, வருகிறவரே தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். வர முடியாத முதியோருக்கு வண்டியில் போகிறது. ஆதித் திருச்சபையிலும் அன்றாட விசாரிப்பில் சில விதவைகள் விடுபட்டுப் போனதால் முறுமுறுப்பு எழுந்தது, பிள்ளைகளே. அதைச் சரிசெய்ய ஏழு பேரை நியமித்தார்கள். கொடுப்பதோடு யாரும் விடுபடாமல் பார்ப்பதும் ஊழியம்தான் என்று அன்றே கண்டுகொண்டார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள். வீட்டில் வேண்டாத, தேதி முடிந்த டின்னை நீலப் பெட்டியில் போடாதீர்கள். நீங்கள் சாப்பிடுவதையே கொடுங்கள். உப்பும் சர்க்கரையும் குறைந்த டின், அரிசி, பருப்பு ஆகியவை நோயாளிகளுக்கு உதவும். முடிந்தவர்கள் பணமாகவும் கொடுங்கள். ஃபுட் பேங்க் மொத்தமாக வாங்குவதால் அது நம் கையில் இருப்பதைவிட அதிகம் வாங்கும். கடைசியாக, வரிசையில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் திரும்பிக்கொள்ளாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்கள்.

பிள்ளைகளே, இன்று ராத்திரி அம்மாவோ அப்பாவோ அரிசி களையும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். டப்பா நிறைந்ததும், அந்த அளவுக்குக் கடையில் ஒரு புதிய அரிசிப் பை வாங்கி நீலப் பெட்டியில் வைப்போம். என் பாட்டியின் பானை நியூ ஜெர்சிக்கும் வந்து சேரட்டும்.