நீர்மேல் கோடு

தண்ணீரில் கோடு கிழிக்க முடியுமா? முடியும் என்பார்கள் பழவேற்காட்டுக்காரர்கள்.

பசியாவரம் மாதிரியான ஏரிக்கரை மீனவ ஊர்களில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. இன்னார், இன்ன முறைக்கு, இன்ன இடத்தில்தான் வலை போடலாம். அடுத்த முறை அடுத்தவருக்கு. வேலி கிடையாது, சர்வே கல் கிடையாது. வாய்வார்த்தைதான் எல்லை. சண்டையே வராதா என்றால், வரும். பாட்டில் பங்கு கிடைக்காதவர்களுக்கு மனக்குறையும் உண்டு. ஆனாலும் ஊர் உட்கார்ந்து பேசினால் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

அதே தண்ணீரில் அரசாங்கங்கள் கோடு கிழித்தால் கதையே வேறு. தாண்டினால் படகு போகும், வலை போகும், ஆள் ஜெயிலுக்குப் போவார். 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இலங்கைப் பக்கம் நடப்பது இதுதான். குஜராத் மீனவர்களுக்குப் பாகிஸ்தான் பக்கம் நடப்பதும் இதுதான்.

இதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், சாட்சாத் இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாகவே இருந்தவர். அட்மிரல் லட்சுமிநாராயண் ராம்தாஸ். 2024 மார்ச் 15-ம் தேதி, 90 வயதில் காலமானார்.

இவருடைய கதையை இவருடைய மாமனாரிடமிருந்து தொடங்க வேண்டும். மாமனார் பெயர் ராம்தாஸ் கட்டாரி. 1911-ல் செங்கல்பட்டில் பிறந்தவர். அந்தக் காலத்துச் செங்கல்பட்டு ஜில்லா லேசுப்பட்டதல்ல. பொன்னேரி, பழவேற்காடு எல்லாமே அதற்குள் அடக்கம். அந்தக் கணக்கில் கட்டாரியும் பசியாவரமும் ஒரே ஜில்லா!

இந்தியர்களைக் கப்பல் அதிகாரிகளாக்குவதற்காக 1927-ல் 'டஃப்ரின்' என்ற பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. அதன் முதல் அணியிலேயே சேர்ந்தார் கட்டாரி. சுதந்திரம் கிடைத்து 11 வருஷம் ஆகும்வரை நம் கடற்படைக்குத் தலைவர் வெள்ளைக்காரர்தான். 1958 ஏப்ரல் 22 அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர், கட்டாரி.

அவருடைய மகள் லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டவர்தான் நம்முடைய ராம்தாஸ். 1933-ல் மும்பை மாட்டுங்காவில் பிறந்து, 1953-ல் கடற்படை அதிகாரியானவர். மாமனார் உட்கார்ந்த அதே நாற்காலிக்கு 1990 நவம்பர் 30 அன்று மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்.

சிபாரிசா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கட்டாரி ஓய்வு பெற்றது 1962-லேயே. அதற்குப் பிறகு மருமகன் கடந்தது முழுசாக 28 வருஷம். நடுவே ஒரு யுத்தம். 1971-ல் வங்கக் கடலில் கிழக்கு பாகிஸ்தானை முற்றுகையிட்ட கப்பல்களில் ஒன்று ஐ.என்.எஸ். பியாஸ். அதன் கேப்டன் ராம்தாஸ். அதற்காகக் கிடைத்தது வீர் சக்ரா. இளம் அதிகாரிகளை வார்த்தெடுக்கும் கடற்படை அகாடமியைக் கொச்சியில் உருவாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவப் பிரிவைத் தாண்டி மற்ற பிரிவுகளிலும் 1992-ல் பெண்கள் அதிகாரிகளாக நுழைந்தது அவர் தளபதியாக இருந்த காலத்தில்தான்.

1993 செப்டம்பரில் சீருடையைக் கழற்றினார். மும்பைக்குப் பக்கத்தில் அலிபாக் வட்டாரத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம். இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். உண்மையில் இங்கேதான் ஆரம்பமே.

எந்த நாட்டோடு சண்டை போட்டாரோ, அந்த நாட்டு மனிதர்களோடு பேச ஆரம்பித்தார். பாகிஸ்தான்-இந்தியா மக்கள் மன்றத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட மீனவர்களை, இரண்டு நாடுகளும் விடுவிக்க வேண்டும் என்று குரல் கொடுத்த அமைப்பு அது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு, ஊரே இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது, அணு ஆயுதம் வேண்டாம் என்றார். 2004-ல் பாகிஸ்தான் பத்திரிகையாளர் ஐ.ஏ. ரஹ்மானுக்கும் இவருக்கும் சேர்த்து மகசேசே விருது கிடைத்தது. ஒரு இந்தியர், ஒரு பாகிஸ்தானியர், ஒரே விருது!

தேசத்துரோகி என்று திட்டியவர்களுக்கும் பஞ்சமில்லை. வீர் சக்ரா வாங்கியவரையே அப்படிச் சொல்ல முடிகிறதென்றால், பதக்கம் எதுவும் இல்லாதவன் சமாதானம் பேசினால் என்ன ஆகும்? ராம்தாஸ் விட்டுப்போன முக்கியமான கேள்வி இதுதான். யுத்தம் எப்படியிருக்கும் என்று பார்த்தவர் வேண்டாம் என்கிறார். டி.வி.யில் மட்டும் பார்த்தவர் வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கடல் சட்டம் தொடர்பான ஐ.நா. உடன்படிக்கையில் 73-ம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு நாட்டின் பொருளாதார மண்டலத்துக்குள் மீன்பிடி விதியை மீறினார் என்பதற்காக மட்டும் அடுத்த நாட்டு மீனவரைச் சிறையில் தள்ளக்கூடாது, இரு நாடுகளும் அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றுமே இந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடுகள். ஆனால் கடற்கரைக்குக் கடற்கரை எல்லைத் தகராறு வேறு, சொந்தச் சட்டம் வேறு. நடுவில் மாட்டிக்கொள்வது மீன்பிடிக்கப் போனவர்.

கப்பற்படைத் தளபதிக்குக் கோட்டின் அருமை தெரியும். அதைக் காப்பதுதான் அவர் வேலை. காத்து முடித்த பிறகு ராம்தாஸ் கேட்டதெல்லாம், கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான். பாடு பிரிக்கும்போது ஏரிக்கரை ஊர்கள் செய்கிற காரியம். டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் கொழும்புக்கும்தான் இன்னும் கைவரவில்லை.