பள்ளி மேலாண்மைக் குழு

பள்ளி மேலாண்மைக் குழு என்பது இந்தியாவில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்டு அமைக்கப்படும் குழு. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 21-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு.

ஊரார் பள்ளிக்குத் தோள்கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காமராசர் ஆட்சிக் காலத்தில், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலமும் பொருளும் பணமும் அள்ளிக் கொடுத்தார்கள். மதிய உணவும் தொடக்கத்தில் ஊரார் கொடையில்தான் நடந்தது. பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோரிடம் கொடை கேட்கவில்லை. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கிறது.

பள்ளியின் செயல்பாட்டையும் மானியச் செலவையும் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது ஆகியவை குழுவின் முதன்மைப் பணிகள். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோர் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவர். தலைமையாசிரியர் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. மாதம் ஒருமுறையாவது கூட்டம் கூட வேண்டும். மேம்பாட்டுத் திட்டம் மூன்றாண்டுகளுக்கானது: வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, தேவைப்படும் ஆசிரியர்கள், கட்டட வசதி, நிதித் தேவை எல்லாம் அதில் இடம்பெறும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சத்துணவு சரியாக இருக்கிறதா, எந்தப் பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டது என்று கவனிக்கத் தாய்க்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் கணக்குப் பார்க்க முடியாது என்ற வாதம், அவருக்குக் கணக்கை வாசித்துச் சொல்ல மறுப்பதற்கான சாக்காகவே பெரும்பாலும் பயன்படுகிறது.

உண்மையான தடை வேறு. கூலி வேலைக்குப் போகும் தாய், பகலில் நடக்கும் கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் கூலியை இழக்கிறார். கூட்ட நேரத்தைத் தலைமையாசிரியரின் வசதிக்காக வைக்கும் பள்ளியில், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் மட்டுமே சேரும்.

தமிழ்நாட்டில் 2022-இல் அரசுப் பள்ளிகளின் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு இச்சட்டத்தில் இத்தகைய இடம் இல்லை.