கால் இஞ்சும் பதினாலாம் நம்பரும்

ஆபீஸ்ல ஆணி புடுங்கியே பழகினவனுக்கு ஊருக்குப் போனா நட்டு கழட்டணும்னு கை அரிக்கும். அப்படித்தான் மண்டைக்காட்டு வீட்டு ஷெட்ல நின்ன தாத்தாவோட பழைய புல்லட்ல கை வச்சேன். எஞ்சின் பக்கத்து நட்டு ஒண்ணுக்கு 13 ஸ்பேனர் நுழையல. 14 போட்டா லொடலொடங்குது. கடல்காத்துல துரு ஏறின நட்டு வேற. பலத்தைக் காட்டினேன். ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாயிடுச்சு.

பக்கத்துல இருந்த பழைய மேஸ்திரி ஒருத்தர் பாத்துட்டு சொன்னார்: "லேய் மக்கா, இது மில்லிமீட்டர் வண்டி இல்ல கேட்டியா. தாத்தாவுக்க பெட்டியத் திறந்து பாரு."

தகரப்பெட்டியில கெடந்த ஒரு ஸ்பேனர்ல "1/4 டபிள்யூ"ன்னு இருந்துச்சு. கால் இஞ்சுன்னா 6.35 மில்லிமீட்டர். ஆனா அதோட வாயை அளந்தா 13.3! நட்டுல கச்சிதமா உக்காந்துச்சு. இதென்ன கணக்குன்னு தேடினப்பதான் இந்தக் கதை கிடைச்சுது.

ஒரு காலத்துல இங்கிலாந்துல ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒருத்தர் செஞ்ச போல்ட்டு அடுத்தவர் நட்டுல ஏறாது. ஜோசப் விட்வொர்த்ங்கறவர் பல பட்டறைகள்ல இருந்து போல்ட்டுகளை வாங்கி அளந்து, 1841ல பொதுவான ஒரு அளவை முன்வச்சார். மரையோட கோணம் 55 டிகிரி. அந்த டபிள்யூ இவர்தான். ஸ்பேனர்ல இருக்குற நம்பர் வாயோட அளவு இல்லை, போல்ட்டோட தடிமன். இப்ப நாம வாங்குற 14ங்கறது ஸ்பேனர் வாயோட அகலம். குழப்பமே இங்கதான். 1864ல அமெரிக்காவுல வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரிதான் சரின்னு தனிவழி போனார். இந்த வித்தியாசத்தால ரெண்டாம் உலகப்போர்ல உதிரிபாகம் மாத்த முடியாம நேச நாட்டுக்காரங்க திண்டாடினாங்க. அப்புறம்தான் 1948ல இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா மூணும் ஒரே மரைக்கு ஒத்துக்கிட்டாங்க.

நம்ம கதைக்கு வருவோம். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. முதல்ல ரெடிட்ச்சுல இருந்து பாகங்கள் வரும், மெட்ராஸ்ல பூட்டுவாங்க. 1957ல அச்சுகளும் கருவிகளும் திருவொற்றியூருக்கே வந்துடுச்சு. கூடவே இஞ்சும் வந்துடுச்சு.

வேடிக்கை என்னன்னா, 1956ல தான் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துச்சு. அதே வருஷம் நவம்பர் 1ல நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. சட்டத்துல மெட்ரிக், ரோட்டுல கதம்பம்! அமெரிக்க வழி ஜீப்புக்கு அமெரிக்க இஞ்சு, இத்தாலி வழி ஃபியட்டுக்கு மில்லிமீட்டர், புல்லட்டுக்கு விட்வொர்த். அந்தக்கால மெக்கானிக் மூணு செட்டு வச்சிருந்தாதான் தொழில் நடக்கும். 1980கள்ல ஜப்பான் கூட்டுல இந்த்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, ஆர்எக்ஸ் 100 எல்லாம் வந்தப்புறம் 8, 10, 12, 14 போதும்னு ஆச்சு. நம்ம தலைமுறை அதைப் பாத்தே வளந்துடுச்சு.

மழுங்கின நட்டை மேஸ்திரி உளியை ஓரத்துல சாய்ச்சு வச்சு தட்டித் தட்டியே கழட்டினார். அடுத்த நட்டுக்கு 5/16 டபிள்யூ கேட்டார். பெட்டியில இல்ல. போன வருஷம் வீட்டைச் சுத்தம் பண்றேன்னு, "இதெல்லாம் எந்த வண்டிக்கும் சேராது"ன்னு பாதிப் பெட்டியை ஆக்கர் கடையில எடைக்குப் போட்டது நாந்தான். அவர்ட்ட சொல்லல. "தேடிப் பாக்கேன்"னு மட்டும் சொன்னேன்.

அதனால மக்களே, வீட்டுல பழைய வண்டி இருந்தா மொதல்ல ஒரு வெர்னியர் வாங்குங்க. அளந்து பாத்துட்டு ஸ்பேனர் எடுங்க. இறுகின நட்டுக்கு ரிங் ஸ்பேனர்தான், அட்ஜஸ்டபிள் வேண்டவே வேண்டாம். முந்தின நாளே துரு மேல எண்ணெய் விட்டு ஊறப்போடுங்க. கடலோரத்துக்காரங்க வேலை முடிஞ்சதும் ஸ்பேனரையும் எண்ணெய்த்துணியால துடைச்சு வைங்க. நம்பர் புரியலங்கறதுக்காக எதையும் எடைக்குப் போட்டுடாதீங்க.

நான் 5/16 டபிள்யூ ஒண்ணு இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்.